விடுதி வாசலோடு முடிவதல்ல பெற்றோர் கடமை

கல்லூரிகள் திறக்கும் பருவத்தில் தமிழகத்திலிருந்து தலைநகர் தில்லிக்கு வரும் ரயில்களில் ஆண்டுதோறும் ஒரு புதிய கூட்டம் வந்து இறங்குகிறது. தில்லிப் பல்கலைக்கழகம், ஜவாஹர்லால் நேரு பல்கலைக்கழகம், எய்ம்ஸ், ஐஐடி ஆகியவற்றில் இடம் கிடைத்தவர்கள் ஒருபுறம். குடிமைப் பணித் தேர்வுக்காக ராஜேந்திர நகரையும் முகர்ஜி நகரையும் தேடி வருபவர்கள் மறுபுறம். உடன் வரும் பெற்றோர் இரண்டு நாள் தங்குகிறார்கள். மெத்தையும் வாளியும் வாங்கிக் கொடுத்து, கட்டணத்தைச் செலுத்தி, "பத்திரமாக இரு" என்று சொல்லிவிட்டு ஊர் திரும்புகிறார்கள்.

பத்திரமாக இருக்க வேண்டிய பொறுப்பை இவ்வாறு பதினெட்டு வயதுப் பிள்ளையிடமே ஒப்படைத்துவிட்டுத் திரும்பும் பெற்றோர், அவனைப் பத்திரமாக வைத்திருக்க வேண்டிய பொறுப்பு யாருடையது என்று கேட்பது அரிது. கேட்டவர்களுள் பலர் பிள்ளையைப் பறிகொடுத்த பிறகு கேட்டவர்கள். இன்று இந்தியாவில் மாணவர் பாதுகாப்புக்கென்று இருக்கும் சட்டங்களையும் விதிகளையும் புரட்டிப் பார்த்தால், அவற்றுள் பலவற்றின் பின்னால் பிள்ளையை இழந்த ஒரு தந்தையோ தாயோ நிற்பதைக் காணலாம்.

தமிழகத்திலிருந்தே தொடங்கலாம். 1996 நவம்பரில் சிதம்பரத்தில் முதலாண்டு மருத்துவ மாணவர் ஒருவர் ராகிங் என்னும் பகடிவதையின்போது கொல்லப்பட்டார். அவருடைய தந்தை அப்போது சென்னைப் பல்கலைக்கழகத்தின் துணைவேந்தர். ஒரு துணைவேந்தரின் மகனுக்கே ஒரு பல்கலைக்கழக விடுதியில் பாதுகாப்பு இல்லை என்ற செய்தி தமிழகத்தை உலுக்கியது. அதன் விளைவாக 1997-ல் வந்த தமிழ்நாடு பகடிவதைத் தடைச் சட்டம், இத்துறையில் நாட்டின் முன்னோடிச் சட்டங்களுள் ஒன்று. வழக்கோ நீண்டுகொண்டே போனது. அமர்வு நீதிமன்றம் வழங்கிய தண்டனையை 2001-ல் உயர் நீதிமன்றம் ரத்து செய்தது. 2011 ஏப்ரலில்தான் உச்ச நீதிமன்றம் அத்தண்டனையை மீண்டும் உறுதி செய்தது. அந்தத் தந்தை இறுதித் தீர்ப்புக்காகப் பதினான்கு ஆண்டுகளுக்கு மேல் காத்திருக்க வேண்டியிருந்தது.

அடுத்து 2009 மார்ச். இமாசலப் பிரதேசத்தில் தாண்டா என்னும் ஊரில் உள்ள அரசு மருத்துவக் கல்லூரியில், மூத்த மாணவர்களின் தாக்குதலுக்கு ஆளான முதலாண்டு மாணவர் அமன் கச்ரூ உயிரிழந்தார். இதற்கு முன்பே, 2001-ல் உச்ச நீதிமன்றம் பகடிவதைக்கு எதிராக வழிகாட்டுதல்களை வகுத்திருந்தது. சிபிஐயின் முன்னாள் இயக்குநரும் தமிழகக் காவல்துறைப் பணியிலிருந்து சென்றவருமான ஆர்.கே. ராகவன் தலைமையிலான குழு 2007-ல் விரிவான பரிந்துரைகளை அளித்திருந்தது. அவையெல்லாம் கோப்புகளில் உறங்கிக் கொண்டிருந்தன. மகனை இழந்த ராஜேந்திர கச்ரூ விடாது போராடினார். அதே ஆண்டில் பல்கலைக்கழக மானியக் குழுவின் பகடிவதைத் தடுப்பு விதிமுறைகள் வந்தன. 1800-180-5522 என்ற இலவசத் தொலைபேசி உதவி எண்ணும் வந்தது.

இந்த விதிமுறைகள் ஏட்டளவில் எவ்வளவு கடுமையானவை என்பதைப் பெற்றோர் அறிந்திருப்பது நல்லது. முதலாண்டு மாணவர்களுக்குத் தனி விடுதி இருக்க வேண்டும். அவர்களைச் சிறு குழுக்களாகப் பிரித்து ஒவ்வொரு குழுவுக்கும் ஓர் ஆசிரியரைப் பொறுப்பாக்க வேண்டும். விடுதிக் காப்பாளர் எந்நேரமும் அணுகத்தக்கவராக இருக்க வேண்டும். குற்றம் நடந்ததாகத் தகவல் கிடைத்தால் 24 மணி நேரத்துக்குள் கல்வி நிறுவனத்தின் தலைவரே காவல்துறையில் புகார் பதிவு செய்ய வேண்டும். புகார் கூறுபவரின் அடையாளம் காக்கப்பட வேண்டும்.

நடைமுறை வேறாக இருக்கிறது. 2023 ஆகஸ்டில் கொல்கத்தாவின் ஜாதவ்பூர் பல்கலைக்கழக விடுதியில், சேர்ந்து சில நாள்களே ஆன 17 வயது மாணவர் பகடிவதைக்கு ஆளாகி மாடியிலிருந்து விழுந்து இறந்தார். விதிப்படி தனி விடுதியில் இருக்க வேண்டிய அவர், மூத்த மாணவர்களும் படிப்பை முடித்த பின்னும் விடுதியைவிட்டு வெளியேறாதவர்களும் தங்கியிருந்த கட்டடத்தில் இருந்தார். புகழ்பெற்ற பல்கலைக்கழகம் ஒன்றில், விதி வந்து பதினான்கு ஆண்டுகளுக்குப் பிறகு நடந்தது இது. 2025 ஜூனில்கூட, பகடிவதைத் தடுப்பு உறுதிமொழிகளைப் பெற்று ஒப்படைக்கத் தவறியதற்காக 89 உயர்கல்வி நிறுவனங்களுக்கு மானியக் குழு விளக்கம் கேட்டு அறிவிக்கை அனுப்பியது. அப்பட்டியலில் ஐஐடிகளும் ஐஐஎம்களும் இருந்தன. நாட்டின் மிக உயர்ந்த கல்வி நிலையங்கள் என்ற பெயரே பாதுகாப்புக்குப் போதிய உத்தரவாதம் என்று எண்ணும் பெற்றோர் இப்பட்டியலை நினைவில் கொள்ள வேண்டும்.

பகடிவதையோடு ஆபத்து நின்றுவிடுவதில்லை. தலைநகரில் தமிழகத்துக்கு அடுத்தடுத்து நேர்ந்த இழப்புகள் இன்னும் மறக்கப்படவில்லை. 2016 ஜூலையில் எய்ம்ஸில் மேற்படிப்புக்குச் சேர்ந்த திருப்பூர் மருத்துவர். 2017 மார்ச்சில் ஜவாஹர்லால் நேரு பல்கலைக்கழகத்தின் சேலம் ஆய்வு மாணவர். 2018 ஜனவரியில் தில்லியின் மற்றொரு மருத்துவக் கல்லூரியில் பயின்ற திருப்பூர் மாணவர். இம்மரணங்களை ஒட்டிக் குடும்பத்தினர் எழுப்பிய ஐயங்களும் தமிழகச் சட்டமன்றக் கட்சிகள் எழுப்பிய குரல்களும் அந்தந்த நாள்களின் தலைப்புச் செய்திகளாயின. சில வாரங்களில் அவை அடங்கின. மொழி தெரியாத ஊரில், காவல் நிலையத்தில் எதைக் கேட்பது, யாரிடம் கேட்பது என்று தெரியாமல் நிற்கும் பெற்றோரின் நிலை மட்டும் மாறவில்லை.

அத்தகைய பெற்றோரின் போராட்டம் எவ்வளவு நீளக்கூடும் என்பதற்கு ஒரு தாயின் கதையே சான்று. ஜவாஹர்லால் நேரு பல்கலைக்கழக விடுதியிலிருந்து 2016 அக்டோபர் 15 அன்று காணாமற்போன மாணவர் நஜீப் அகமதுவைத் தேடி அவருடைய தாய் பாத்திமா நபீஸ் தெருவிலும் நீதிமன்றத்திலும் போராடினார். 2018-ல் சிபிஐ விசாரணையை முடித்துக் கொண்டது. 2025 ஜூனில் தில்லி நீதிமன்றம் அந்த அறிக்கையை ஏற்றது. மகன் எங்கே என்ற கேள்விக்கு மட்டும் விடை கிடைக்கவில்லை. இதேபோல், சாதிப் பாகுபாட்டுக்கு ஆளாகி உயிரிழந்ததாகக் கருதப்படும் ஐதராபாத் ஆய்வு மாணவர் ரோஹித் வெமுலாவின் தாயும், மும்பை மருத்துவர் பாயல் தட்வியின் தாயும் 2019-ல் கூட்டாக உச்ச நீதிமன்றத்தை அணுகினர். சாதிப் பாகுபாட்டைத் தடுக்க 2012-ல் மானியக் குழு வகுத்த விதிகள் நடைமுறையில் இல்லை என்பதே அவர்கள் முறையீடு.

உச்ச நீதிமன்றம் அண்மையில் பிறப்பித்த இரண்டு முக்கிய ஆணைகளும் இவ்வாறு வந்தவையே. தில்லி ஐஐடியில் 2023-ல் இறந்த இரு மாணவர்களின் குடும்பத்தினர், முதல் தகவல் அறிக்கையைக்கூடக் காவல்துறை பதிவு செய்யவில்லை என்று முறையிட்டனர். 2025 மார்ச் 24 அன்று நீதிபதிகள் பர்திவாலா, மகாதேவன் ஆகியோர் அதைப் பதிவு செய்ய ஆணையிட்டதோடு, மாணவர்களின் மனநலம் குறித்து ஆராய முன்னாள் நீதிபதி ரவீந்திர பட் தலைமையில் தேசிய பணிக்குழு ஒன்றையும் அமைத்தனர். அதே ஆண்டு ஜூலை 25 அன்று, விசாகப்பட்டினத்தில் தங்கி நீட் தேர்வுக்குப் பயின்றபோது இறந்த 17 வயது மாணவியின் தந்தை தொடுத்த வழக்கில், 15 வழிகாட்டுதல்களை உச்ச நீதிமன்றம் பிறப்பித்தது. 100 அல்லது அதற்கு மேற்பட்ட மாணவர் பயிலும் ஒவ்வொரு நிறுவனத்திலும் தகுதி பெற்ற மனநல ஆலோசகர் ஒருவரேனும் இருக்க வேண்டும். ஊழியர் அனைவருக்கும் ஆண்டுக்கு இருமுறை பயிற்சி அளிக்க வேண்டும். மதிப்பெண்ணின் அடிப்படையில் மாணவர்களைத் தரம் பிரித்து அவமதிக்கக் கூடாது என்பன அவற்றுள் சில. பயிற்சி மையங்களும் விடுதிகளும் இவற்றுக்குக் கட்டுப்பட்டவை. நாடாளுமன்றமோ சட்டமன்றங்களோ சட்டம் இயற்றும்வரை இவையே சட்டம்.

இந்த ஆணைக்கான தேவையை எண்ணிக்கையே சொல்லும். தேசியக் குற்றப் பதிவு ஆணையத்தின் கணக்குப்படி 2022-ல் தற்கொலை செய்துகொண்ட மாணவர்கள் 13,044 பேர். 2023-ல் அது 13,892 ஆக உயர்ந்தது.

ஆக, பிள்ளையை இழந்தவர்கள் தங்கள் துயரத்தோடு நீதிமன்றப் படியேறி விதிகளைப் பெற்றுத் தந்துவிட்டார்கள். அவற்றைப் பயன்படுத்த வேண்டியவர்கள், பிள்ளைகளை இப்போது அனுப்பும் பெற்றோர். விதி மீறப்படுகிறதா என்று பார்க்க மானியக் குழுவுக்குப் போதிய ஆள் பலம் இல்லை. அரசுக்கு அக்கறை உண்டா என்பது ஆட்சிக்கு ஆட்சி மாறும். கட்டணம் செலுத்தும் இடத்தில் நிற்கும் பெற்றோருக்கு மட்டுமே ஒரு நிறுவனத்தைப் பதில் சொல்ல வைக்கும் வாய்ப்பு அந்த நிமிடத்தில் இருக்கிறது. அந்த வாய்ப்பை அவர்கள் பயன்படுத்துவதில்லை. வேலைவாய்ப்பு விழுக்காடு எவ்வளவு, உணவகம் எப்படி என்று கேட்பவர்கள், இரவு பதினொரு மணிக்குப் பிள்ளைக்குக் காய்ச்சல் கண்டால் யாரை அழைப்பது என்று கேட்பதில்லை.

கேட்க வேண்டிய கேள்விகள் எளியவை. முதலாண்டு மாணவர்களுக்குத் தனி விடுதி உண்டா? இரவில் காப்பாளர் எங்கே தங்குகிறார், அவருடைய எண் என்ன? பிள்ளைக்குப் பொறுப்பான ஆசிரியர் யார்? மனநல ஆலோசகர் முழு நேரமாகப் பணியாற்றுகிறாரா, வாரத்தில் ஒருநாள் வந்து போகிறாரா? பாலியல் துன்புறுத்தல் புகார்களை விசாரிக்கும் உள்புகார்க் குழுவின் உறுப்பினர் பெயர்கள் எங்கே ஒட்டப்பட்டுள்ளன? மானியக் குழுவின் 2015-ஆம் ஆண்டு விதிகளின்படி, மாணவர் தொடர்பான புகார்களில் மாணவர்களால் தேர்ந்தெடுக்கப்பட்ட மூவரும் அக்குழுவில் இடம்பெற வேண்டும். அவ்வாறு தேர்தல் நடந்ததா?

இக்கேள்விகளைப் பெற்றோர் கேட்டால் பிள்ளைக்குக் கெடுபெயர் வந்துவிடும் என்ற அச்சம் பலருக்கு உண்டு. ஒருவர் கேட்டால் அது வம்பு என்று பெயர் பெறலாம். ஐம்பது பேர் சேர்ந்து கேட்டால் நிர்வாகம் பதில் எழுதும். பள்ளிகளில் பெற்றோர் ஆசிரியர் கழகம் இருப்பது இயல்பாகிவிட்ட நாட்டில், கல்லூரி வாசலில் பெற்றோர் அமைப்பு கலைந்துவிடுவது ஏன் என்று எண்ணிப் பார்க்க வேண்டும்.

குழு இருப்பதாலேயே நீதி கிடைத்துவிடாது என்பதும் உண்மை. 2025 ஜூலையில் ஒடிசாவின் பாலேசுவரத்தில், துறைத் தலைவர் மீது பாலியல் புகார் அளித்த கல்வியியல் மாணவி ஒருவர், கல்லூரியின் உள்புகார்க் குழுவில் நியாயம் கிடைக்காத நிலையில் உயிரை மாய்த்துக் கொண்டார். துறைத் தலைவரும் கல்லூரி முதல்வரும் பின்னர் கைது செய்யப்பட்டனர். நிறுவனத்துக்குள் அளிக்கும் புகார் காவல்துறைக்குச் செல்லும் உரிமையைப் பறிப்பதில்லை. 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 173-வது பிரிவின்படி, குற்றம் எங்கு நடந்திருந்தாலும் எந்தக் காவல் நிலையத்திலும் புகார் அளிக்கலாம். தில்லியில் நடந்த குற்றத்துக்குத் திருநெல்வேலியிலும் புகார் கொடுக்க முடியும். மின்னணு வழியாக அனுப்பினால் மூன்று நாள்களுக்குள் கையெழுத்திட வேண்டும். இதைப் பெற்றோரும் பிள்ளையும் அறிந்திருப்பது, தேவைப்படும் நாளில் பெரும் துணை.

தில்லியில் பயிலும் வெளிமாநிலத்தவருக்கு இன்னொரு பெரும் சிக்கல் உறைவிடம். தில்லிப் பல்கலைக்கழக மாணவர்களில் மிகச் சிறு பகுதியினருக்கே விடுதி இடம் உண்டு. எஞ்சியவர்கள் கமலா நகர், விஜய் நகர், முகர்ஜி நகர் பகுதிகளில் கட்டண விருந்தினர் விடுதிகளில் தங்குகிறார்கள்.  2023 ஜூனில் முகர்ஜி நகரில் பயிற்சி மையங்கள் இயங்கிய கட்டடத்தில் தீப்பற்றியபோது, மாணவர்கள் ஜன்னல் வழியே கயிற்றைப் பிடித்து இறங்கிய காட்சியை நாடே தொலைக்காட்சியில் கண்டது. அதே ஆண்டு செப்டம்பரில் அதே பகுதியில் மாணவியர் விடுதி ஒன்றில் தீப்பற்றியது. 2024 ஜூலை 27 அன்று பழைய ராஜேந்திர நகரில் பயிற்சி மையமொன்றின் அடித்தள நூலகத்தில் மழைநீர் புகுந்து, உத்தரப் பிரதேசம், தெலங்கானா, கேரளம் ஆகிய மாநிலங்களைச் சேர்ந்த மூவர் உயிரிழந்தனர்.

வாகன நிறுத்தத்துக்கும் பொருள் சேமிப்புக்கும் அனுமதி பெற்ற அடித்தளம் அது. அங்கே நூலகம் நடத்துவது விதிமீறல் என்று தேர்வுக்குப் படித்துக்கொண்டிருந்த ஒருவரே அதற்கு ஏறத்தாழ ஒரு மாதம் முன்பு அதிகாரிகளிடம் புகார் அளித்திருந்தார். நடவடிக்கை இல்லை. விபத்துக்குப் பிறகு வழக்கு சிபிஐக்குப் போனது. உச்ச நீதிமன்றம் தானாக முன்வந்து விசாரித்து, பயிற்சி மையங்கள் மரணக் கூடங்களாகிவிட்டன என்று கண்டித்தது. மூன்று உயிர்கள் போன பிறகே மாநகராட்சி மற்ற அடித்தளங்களுக்கு முத்திரை வைக்கக் கிளம்பியது.

வாடகைக்கு அறை பார்க்கும் பெற்றோர், வாடகையையும் உணவையும் பார்ப்பதோடு மாடிப்படிகளையும் எண்ண வேண்டும். வெளியேற இரண்டாவது வழி உண்டா? மின்மானிகள் அனைத்தும் ஒரே படிக்கட்டின் அடியில் குவிந்துள்ளனவா? ஜன்னல் கம்பிகளைத் திறக்க முடியுமா? இரவில் வெளிக்கதவைப் பூட்டுபவர் சாவியை யாரிடம் வைத்திருக்கிறார்? வாடகை ஒப்பந்தமும் காவல்துறையின் வாடகைதாரர் விவரப் பதிவும் செய்யப்பட்டுள்ளனவா? இவற்றைப் பார்க்க ஒரு மணி நேரம் போதும்.

இரவில் பூட்டப்படும் கதவு பற்றித் தனியாகவே சொல்ல வேண்டும். பெண் பிள்ளைகளின் பாதுகாப்பு என்றதும் பெற்றோரும் நிர்வாகமும் உடனே நாடுவது பூட்டைத்தான். மாணவருக்கு நள்ளிரவுவரை நூலகம், மாணவிக்கு மாலை ஏழரைக்கே விடுதி என்ற நிலையை எதிர்த்து 2015-ல் தில்லியில் மாணவியர் தொடங்கிய 'பிஞ்ச்ரா தோட்' இயக்கம் பல விடுதிகளின் நேரக் கட்டுப்பாடுகளைக் கேள்விக்கு உள்ளாக்கியது. கூண்டை உடை என்பது அதன் பொருள். அம்மாணவியர் கேட்டதில் ஓர் அடிப்படை நியாயம் இருந்தது. நேரம் கடந்து வந்தால் கதவு திறக்கப்படாது என்பதற்காக இரவு முழுவதும் வெளியே எங்கோ தங்க நேரும் மாணவி, பூட்டினால் கூடுதல் ஆபத்துக்கே ஆளாகிறாள். தாமதத்துக்குத் தண்டனை உண்டு என்று அஞ்சுபவள், தனக்கு நேர்ந்த தொல்லையை வெளியே சொல்லவும் அஞ்சுவாள். "அந்த நேரத்தில் நீ அங்கே ஏன் போனாய்" என்பதே முதல் கேள்வியாக வரும் என்று அவளுக்குத் தெரியும். விளக்கு எரியும் சாலையும், இரவுப் பேருந்தும், அழைத்தால் வரும் காவலரும் பூட்டைவிட மேலான பாதுகாப்பு. ஆனால் அவற்றுக்குச் செலவு ஆகும், பூட்டு மலிவானது.

கைப்பேசியில் பிள்ளையின் இருப்பிடத்தை எந்நேரமும் கண்காணிக்கும் பழக்கமும் இவ்வகையைச் சேர்ந்ததே. பிள்ளை எங்கே இருக்கிறான் என்பதை அது சொல்லும்; எப்படி இருக்கிறான் என்பதைச் சொல்லாது. இருவரும் பேசி ஒப்புக்கொண்டு, அவசரத்துக்கென வைத்துக் கொண்டால் அதில் பயன் உண்டு. ஒளிந்து பார்க்கும் கருவியானால், பிள்ளை கைப்பேசியை அறையில் வைத்துவிட்டு வெளியே போகக் கற்றுக்கொள்வான். அன்றிலிருந்து பெற்றோருக்குத் தெரிவது முழுப் பொய்.

இங்கேதான் விதிகள் எட்டாத ஓர் இடம் வருகிறது. ஜாதவ்பூர் மாணவர் இறந்த இரவில் தாயைத் தொலைபேசியில் அழைத்துத் தனக்கு அச்சமாக இருப்பதாகச் சொன்னதாக அவருடைய குடும்பத்தினர் தெரிவித்தனர். அவர் சொன்னார் என்பதே பெரிது; சொல்லாமலே இருந்துவிடும் பிள்ளைகள் ஏராளம். தமிழ்க் குடும்பங்களில் தொலைபேசி உரையாடல் பெரும்பாலும் இரண்டு கேள்விகளில் முடிந்துவிடும்: சாப்பிட்டாயா, படிக்கிறாயா? இரண்டுக்கும் ஆம் என்பதே விடை. நிலத்தை அடகு வைத்தும் கல்விக் கடன் வாங்கியும் படிக்க வைக்கும் வீட்டில், குடும்பத்தின் முதல் பட்டதாரியாகப் போகும் பிள்ளையிடம் "உன்னை நம்பித்தான் இருக்கிறோம்" என்பது அன்பான சொல்லாகவே சொல்லப்படுகிறது. கேட்கும் பிள்ளைக்கு அது, தோற்றுத் திரும்ப வழியில்லை என்ற செய்தியாகப் போய்ச் சேரவும் கூடும்.

ஆகவே, ரயில் ஏறும் முன்பே தெளிவாகச் சொல்லிவிட வேண்டிய ஒன்று உண்டு. இடம் ஒத்துவராவிட்டால் திரும்பி வரலாம். கட்டியது போனாலும் போகட்டும் என்பதே அது. இதை ஒருமுறை சொன்னால் போதாது. முதல் தேர்வு முடிவு வரும்போது மீண்டும் சொல்ல வேண்டும். இது வெறும் ஆறுதலும் அன்று. படிப்பிலிருந்து விலகும் மாணவரின் அசல் சான்றிதழ்களைக் கல்லூரிகள் பிடித்து வைக்கக் கூடாது, கட்டணத்தை விதிப்படி திருப்பித் தர வேண்டும் என்று மானியக் குழு 2018-லேயே அறிவித்துள்ளது. திரும்ப முடியாது என்று நிர்வாகம் மிரட்டினால் அது சட்டத்துக்குப் புறம்பானது என்பதைப் பிள்ளை அறிந்திருக்க வேண்டும்.

பேச்சில் சில மாற்றங்களைப் பெற்றோரால் கவனிக்க முடியும். நாள்தோறும் அழைத்தவன் அழைக்காமல் இருப்பது, எதற்கும் ஒற்றைச் சொல்லில் விடை தருவது, நண்பர் பெயர் ஒன்றுகூடப் பேச்சில் வராதது, காரணமின்றிப் பணம் கேட்பது, விடுமுறைக்கு ஊருக்கு வர மறுப்பது ஆகியவை கவனிக்கத்தக்கவை. உயிர் வாழ்வதில் பிடிப்பில்லாதது போன்ற பேச்சு ஒருமுறை வந்தாலும் அதை விளையாட்டாகக் கொள்ளலாகாது. நேராக, கனிவாகக் கேட்டுவிட வேண்டும். கேட்டால் அந்த எண்ணம் வலுத்துவிடும் என்ற நம்பிக்கை தவறானது என்பதே மனநல மருத்துவர்களின் கருத்து. அடுத்த ரயிலில் கிளம்பிவிடுவதும், அதுவரை தனியே விடாமல் காப்பாளரையோ அறை நண்பரையோ உடன் இருக்கச் சொல்வதும் நேரத்தில் செய்யும் உதவி. அறை நண்பர்கள் இருவரின் எண்ணாவது பெற்றோரிடம் இருக்க வேண்டும் என்பது இதற்காகத்தான்.

2022 அக்டோபரில் மத்திய அரசு தொடங்கிய 14416 என்ற டெலிமானஸ் எண்ணில் தமிழிலும் மனநல ஆலோசனை பெறலாம். தில்லியில் தன் மொழியில் பேச ஆளில்லாத மாணவருக்கு இது முக்கியமானது. அவசர உதவிக்கு 112, பெண்களுக்கு 181, இணையப் பண மோசடிக்கு 1930 ஆகிய எண்களும் பிள்ளையின் கைப்பேசியில் இருக்க வேண்டும். ஆலோசகரிடம் பிள்ளை என்ன பேசினான் என்று துருவுவது மட்டும் கூடாது. 2017-ஆம் ஆண்டு மனநலப் பாதுகாப்புச் சட்டம் அந்த இரகசியத்துக்கு உரிமை வழங்குகிறது. வீட்டுக்குத் தெரிந்துவிடும் என்று அஞ்சும் மாணவர் ஆலோசகரின் அறைப்பக்கமே போகமாட்டார்.

தமிழக அரசுக்கும் இதில் பங்கு உண்டு. தில்லியில் தமிழ்நாடு இல்லம் இருக்கிறது. 1946-ல் தொடங்கப்பட்ட தில்லித் தமிழ்ச் சங்கம் இருக்கிறது. ஒவ்வொரு துயரத்தின்போதும் இறந்தவரின் உடலை ஊருக்கு அனுப்பும் ஏற்பாடுகளில் அரசு முனைப்புக் காட்டுகிறது. அந்த முனைப்பு மாணவர் உயிரோடு இருக்கும்போதே தொடங்க வேண்டும். தலைநகரில் பயில வரும் தமிழக மாணவர்கள் விருப்பப்பட்டால் பதிவு செய்துகொள்ள ஒரு பதிவேடு, இரவும் பகலும் தமிழில் பதில் சொல்லும் ஒரு தொடர்பு அலுவலர், காவல் நிலையத்துக்கோ மருத்துவமனைக்கோ உடன் வர ஒரு வழக்கறிஞர் என்ற அளவில் தொடங்கினாலே போதும். 2014 ஜனவரியில் லாஜ்பத் நகரில் தாக்கப்பட்ட அருணாசலப் பிரதேச மாணவர் நிடோ தானியா இறந்த பின், வடகிழக்கு மாநிலத்தவரின் பாதுகாப்பை ஆராய பெஸ்பரூவா குழு அமைக்கப்பட்டது. வடகிழக்கு மக்களுக்கென தில்லிக் காவல்துறையில் தனிப் பிரிவும் 1093 என்ற உதவி எண்ணும் இருக்கின்றன. அவர்கள் விடாது வற்புறுத்திப் பெற்றதை மற்ற மாநிலங்களும் கேட்கலாம். தமிழகத்தின் நாடாளுமன்ற உறுப்பினர்கள் மக்களவையில் எழுப்பத்தக்க கேள்வியும் இதில் இருக்கிறது: உச்ச நீதிமன்றத்தின் 15 வழிகாட்டுதல்களை எத்தனை மத்தியப் பல்கலைக்கழகங்கள் நிறைவேற்றியுள்ளன?

பிள்ளையைத் தொலைவில் படிக்க அனுப்புவது தமிழ்ச் சமுதாயத்துக்குப் பழக்கமானதே. அச்சத்தால் அனுப்பாமல் இருப்பது தீர்வாகாது. குறிப்பாகப் பெண் பிள்ளைகளின் கல்வியை அந்த அச்சம் எத்தனை தலைமுறைகளாக விழுங்கியிருக்கிறது என்பதை நாம் அறிவோம். அனுப்பத்தான் வேண்டும். அனுப்புமுன் விதிகளைப் படித்து, சேர்க்கும் நாளில் கேள்விகளைக் கேட்டு, விடைகளை எழுத்தில் வாங்கி, மற்ற பெற்றோரின் எண்களைக் குறித்துக்கொண்டு திரும்ப வேண்டும். பிறகு ஒவ்வொரு வாரமும் பிள்ளை பேசுவதைக் குறுக்கிடாமல் கேட்க வேண்டும். பிள்ளைகளை இழந்தவர்கள் ஆண்டுக்கணக்கில் நீதிமன்றங்களில் நின்று பெற்றுத் தந்த விதிகள், அடுத்தவர் பிள்ளைகளுக்காக அவர்கள் விட்டுச்சென்ற உடைமை. விடுதி வாசலில் நிற்கும் பெற்றோர் அவற்றை ஒருமுறையேனும் வாய்விட்டுக் கேட்டால்தான் அவை காகிதத்திலிருந்து எழுந்து வரும்.